கீழே இறங்காத நாற்பத்தோரு பந்துகள்

சாத்தங்கோட்டை விடிவெள்ளி கூடைப்பந்துக் கழகத்தின் கேப்டன் சோலைராஜ், தை மாதக் கடைசிச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேமுக்கால் மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழக்கூடிய ஒரு ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டபோது, பந்து ரிங்கின் விளிம்பில் பட்டு எழும்பி, போர்டைத் தாண்டி, விளக்குக் கம்பத்தைத் தாண்டி, பக்கத்து வேப்பமரத்தின் உச்சிக்கும் இரண்டு ஆள் உயரம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். ஆடுகிறவர்கள் பத்துப் பேரும் பார்த்தார்கள், கேலரியில் இருந்த எண்ணூறு பேரும் பார்த்தார்கள். பிறகு ரெஃப்ரி தன் பையிலிருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டி, பந்து கீழே வராவிட்டால் என்ன செய்வது என்று அதில் ஒன்றும் போடவில்லை என்பதை இரண்டு அணிக்கும் காட்டிவிட்டு, "வேற பந்து இருந்தா எடுங்கப்பா, நேரமாகுது" என்றார். வேறு பந்து வந்தது. ஆட்டம் நடந்தது, விடிவெள்ளி ஆறு பாயிண்டில் தோற்றது.

சோலைராஜ் ஏன் தவறவிட்டான் என்பதைச் சொல்ல வேண்டுமானால் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் விளையாட்டு விடுதியில் படித்து வெளியே வருகிற நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய ஊர் அணிகள் ரயிலடியிலேயே மாலை போட்டு அழைத்துக்கொண்டு போய்விடும், சின்ன ஊர்களுக்கு மிஞ்சுவது முட்டி போனவனும் மூச்சு வாங்குகிறவனும்தான். இது அநியாயம் என்று பல வருஷம் கத்தி, கடைசியில் மாவட்டச் சங்கம் ஒரு விதி கொண்டுவந்தது. ஆறு அணிகள் மோதும் லீக்கில் ஓர் அணி எத்தனை ஆட்டம் தோற்கிறதோ அத்தனை சீட்டு அதன் பெயரில் எழுதி ஒரு பித்தளைக் குடத்தில் போடுவார்கள். லீக் முடிந்ததும் குலுக்கல். முதல் சீட்டில் எந்த ஊர்ப் பெயர் வருகிறதோ, அந்த வருஷத்து விடுதி ஆட்டக்காரர்களில் யார் வேண்டும் என்று முதலில் கேட்கிற உரிமை அந்த ஊருக்கு. தோற்றவனுக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று நல்ல மனசோடு போட்ட விதிதான், நல்ல மனசோடு போடுகிற விதிகளில்தான் எலி நுழைய இடம் இருக்கிறது.

அந்த வருஷம் விடுதியிலிருந்து வெளியே வர இருந்தவன் எபிநேசர். கடற்கரை ஊர்க்காரன், பத்தொன்பது வயது, ஆறடி பத்து அங்குலம், குதிக்காமலே ரிங்கைத் தொடுவான் என்றார்கள். கழகத்தின் செயலாளர் அய்யலுசாமி ஒரு மத்தியானம் சோலைராஜைத் தன் சிமெண்ட் கடைக்கு வரச் சொல்லி, மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"எப்படியும் இந்த வருஷம் நமக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. நீ ஒருத்தன் மனசு வச்சாப் போதும் தம்பி. முக்கியமான நேரத்துல ஒண்ணு ரெண்டு விட்டுரு. அடுத்த வருஷம் எபிநேசர் நம்மகிட்ட, நீதான் கேப்டன். ஊருக்காக நீ என்ன செஞ்சேன்னு நானே மேடையேறிச் சொல்லுவேன்."

"மத்தவங்ககிட்டச் சொல்ல வேண்டாமா அண்ணாச்சி?"

"உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியணும்."

சோலைராஜுக்கு முப்பத்து நாலு வயது, நூல் மில்லில் ஃபிட்டர். பதினான்கு வயதிலிருந்து அந்தக் கோர்ட்டில் ஆடுகிறான், ஒரு முறைகூட மாநிலப் போட்டிக்குப் போனதில்லை. முட்டி இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று மில் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷத்தில், தான் தூக்கிப் போடும் பந்தை மேலேயே வாங்கி உள்ளே போடுகிற ஒரு நெட்டையனோடு சேர்ந்து ஆடிவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டு, உடம்பில் ஒட்டிய சிமெண்டைத் தட்டிவிட்டுக்கொண்டு மில்லுக்குப் போனான்.

மேலே நின்ற பந்தை ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் என்றைக்கும் செய்வதைத்தான் செய்தது, நாலு நாள் பார்த்தது, ஐந்தாம் நாள் அதை வைத்து வேலையைப் பார்க்கத் தொடங்கியது. மின்வாரியத்துக்காரர் வந்து தொரட்டியால் நெம்பிப் பார்த்து, எட்டவில்லை, கம்பிக்கு இடைஞ்சலும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மேல்நிலைப்பள்ளி அறிவியல் வாத்தியார் கோர்ட்டில் மைக் பிடித்து, செயற்கைக்கோள்கள் எப்படி விழாமல் இருக்கின்றன என்று ஒரு மணி நேரம் விளக்க, பந்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். அடுத்தடுத்த ஆட்டங்களில் இரண்டாவது பந்தும் மூன்றாவதும் ஒன்பதாவதும் மேலே போய் நின்றபோது, வத்தல் காயப்போடுகிற பெண்கள் நிழல் விழாத இடம் பார்த்துப் பாயை நகர்த்திக்கொண்டார்கள், காக்கைகள் எந்தப் பந்து யாருக்கு என்று தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டன, கல்யாண வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை பெண்ணைப் பந்துகளுக்குக் கீழே நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். வெளியூர்க்காரன் வழி கேட்டால், "கொத்தாத் தொங்குற ஏழு பந்துக்குக் கீழ சோத்தாங்கைப் பக்கம் திரும்பு" என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டது.

லீக் ஆட்டம் முழுவதும் சாத்தங்கோட்டையில்தான் நடந்தது, மாவட்டத்திலேயே விளக்குப் போட்ட சிமெண்ட் கோர்ட் அங்குதான் இருந்தது. மற்ற ஐந்து ஊர் அணிகளும் வந்து ஆடின, அவர்கள் தவறவிட்டவை எல்லாம் ஒழுங்காகக் கீழே விழுந்து உருண்டன. விடிவெள்ளிக்காரர்கள் தவறவிடுவதில் மட்டும் சில மேலே நின்றன. இதிலிருந்து ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. மேலே நிற்பது ராசி. இத்தனை ராசி உள்ள அணிக்குத்தான் எபிநேசர்.

அதன் பிறகு ஊரில் வேறு பேச்சே கிடையாது. பால்சாமியின் டீக்கடையில் காலை ஐந்து மணிக்கு முதல் பால் பொங்கும்போதே கணக்கும் பொங்கிவிடும்.

"ஆறு டீமு, ஆளுக்குப் பத்து ஆட்டம். ஆக மொத்தம் முப்பது ஆட்டம், முப்பது தோல்வி, முப்பது சீட்டு" என்பார் பால்சாமி. "நாம பத்தும் தோத்தாலும் பத்துச் சீட்டுதான். மூணுல ஒரு பங்கு."

"என்ன மூணுல ஒண்ணு? ஒண்ணு நம்ம பேரு வரும், இல்ல வராது. ரெண்டுல ஒண்ணு" என்பார் எதிர்க் கடைக்காரர்.

"மேல இருபத்தாறு பந்து நிக்கிதே, அதைக் கணக்குல சேக்க மாட்டீகளா?" என்று தண்ணீர்க் குடத்தோடு போகிற கோமதி கேட்பாள், அவர்கள் ஆளுக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். தோற்கத் தோற்க ஊர் உற்சாகமாகிக்கொண்டே போனது. வாயில் மட்டும், "இப்படித் தோக்குறானுவளே" என்று திட்டிக்கொண்டார்கள், திட்டுவது ஊருக்கு அழகு.

சோலைராஜ் அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டான். முதல் பந்து நின்ற அன்றே அவனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இரண்டாவதில் உறுதியாகிவிட்டது. வேண்டுமென்று விட்டால்தான் நிற்கிறது, நிஜமாகவே தவறினால் கீழே வருகிறது. கூட ஆடும் இன்னாசி விட்ட பந்தும் குருவையா விட்டதும் தங்கமாரி விட்டதும் மேலே நின்றபோது, ரிங் பழகிவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் யோசித்தால் எங்கே போய் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

விடிவெள்ளியின் ஐந்தாவது ஆள் புஷ்பராஜ். ஜின்னிங் பேக்டரியில் பருத்தி எடை போடுகிறவன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சோலைராஜோடு ஆடுகிறான், ஒருவரை ஒருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள், சோலைராஜ் எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்று சோலைராஜுக்குத் தெரிவதற்கு முன்பே புஷ்பராஜுக்குத் தெரியும் என்பது ஊர் சொல்லும் பேச்சு. அந்தப் புஷ்பராஜ் அந்த வருஷம் பேய் பிடித்தவன் மாதிரி ஆடினான். நாலு பேர் விட்டதை எல்லாம் ஓடி ஓடி எடுத்தான், முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தும் வெளியே போகவில்லை. ஏழாவது ஆட்டத்தில் கடைசி மூன்று விநாடி இருக்கும்போது, ஒரு பாயிண்ட் குறைவாக இருந்த நிலையில், தனியாக ஓடிப்போய் ரிங்குக்குக் கீழே நின்று போட்ட பந்து, களைப்பில் கை நழுவி, போர்டில் பட்டுக் கீழே விழுந்து, அவன் காலடியில் இரண்டு தடவை குதித்து உருண்டு போனது.

மறுநாள் காலையில் கோர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் கழக அறையில் கமிட்டி கூடியது. வாசல் வரைக்கும் ஊர்.

"ஏழு ஆட்டம் போச்சு" என்றார் அய்யலுசாமி. "தோக்குறது வேற. எவனோ வேணும்னே விடுறான்னு ஊர்ல பேசிக்கிறாக. சங்கத்துக்குத் தெரிஞ்சா நம்ம சீட்டு அத்தனையும் ரத்து. ஆள் யாருன்னு பாத்து நாமளே கழிச்சு விட்டுட்டா நல்லது."

"இதுல பாக்க என்ன இருக்கு?" என்றார் வாசலில் நின்ற பால்சாமி. "நாலு பேர் பந்தும் மேல நிக்கிது. புஷ்பராஜ் பந்து ஒண்ணுகூட நிக்கலையே. நேத்துக் கூட எல்லாரும் பாத்தோம், பொத்துனு கீழ விழுந்துச்சு. மனசுல கள்ளம் இருக்கவன் பந்து எப்படி மேல நிக்கும்?"

அதுதான் சரி என்று வாசல் முழுவதும் ஒரு முனகல் ஓடியது. புஷ்பராஜ் சோலைராஜைப் பார்த்தான். அய்யலுசாமி திரும்பி, "நீதானப்பா அவன்கூட இருபது வருஷமா ஆடுற. கேப்டன் வேற. நீ சொல்லு, அவன்தானா?" என்று சோலைராஜைக் கேட்டார்.

மேலே நிற்கும் பந்து என்றால் என்ன, கீழே விழும் பந்து என்றால் என்ன என்று சோலைராஜுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் சீட்டு போகும், எபிநேசர் போவான், கேப்டன் பதவி போகும், மில்லிலும் தெருவிலும் முகத்தைக் காட்ட முடியாது. இதெல்லாம் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் அவனுக்குள் ஓடியது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அப்படித்தான் தெரியுது அண்ணாச்சி" என்றான்.

புஷ்பராஜ் ஏழாம் நம்பர் பனியனைப் பையிலிருந்து எடுத்து, மடித்து, மேஜைமேல் வைத்தான். "வர்றேன் மாப்ள" என்று எப்போதும் சொல்கிற மாதிரியே சொல்லிவிட்டு வெளியே போனான், வாசல் ஒதுங்கி வழி விட்டது. கோர்ட்டில் ஏமாற்றுகிறவன் தராசில் சும்மா இருப்பானா என்று பேக்டரியில் பருத்தி கொண்டுவருகிறவர்கள் அவன் சொல்லும் எடையைச் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். மூட்டையை இறக்கி இரண்டாம் தடவை போடச் சொன்னார்கள். பங்குனி முடிவதற்குள் பெண்டாட்டி செல்வராணியோடு சட்டி பானையைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அவன் இடத்தில் இறங்கியவன் கைக்கு மிச்ச மூன்று ஆட்டத்திலும் பந்தே வரவில்லை. விடிவெள்ளி பத்தும் தோற்றது, பத்துச் சீட்டு.

சித்திரை இரண்டாம் ஞாயிறு சங்கத்து ஹாலில் குலுக்கல். குடத்தில் கைவிட்டு எடுப்பவர் கூடைப்பந்து என்றால் என்னவென்று தெரியாத ஆளாக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு, அந்த வருஷம் ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்து வந்திருந்தார்கள். கையை உள்ளே விட்டுத் துழாவிப் பழகிய மனுஷர், முழங்கை வரை விட்டு நிதானமாகத் துழாவி, ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து, "சாத்தங்கோட்டை" என்று வாசித்தார். சாத்தங்கோட்டை ஆட்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலே நின்ற நாற்பத்தோரு பந்துகளுக்கும் கீழே அன்றைக்கு வெடி போட்டார்கள், ஒரு பந்தும் அசையவில்லை.

எபிநேசர் வந்தான். சொன்னதைவிட ஒரு அங்குலம் அதிகமாகவே இருந்தான். வரவேற்பு மேடையில் அய்யலுசாமி மைக்கைப் பிடித்து, புது அணியின் பெயர்களைப் படித்தார். கேப்டன் என்று வெளியூர்ப் போலீஸ் அணியில் ஆடிய ஒருவர் பெயரைச் சொன்னார். சோலைராஜ் பெயர் கேப்டனாகவும் இல்லை, ஐந்தாவதாகவும் இல்லை, பத்தாவதாகவும் இல்லை. "தொடர்ந்து பத்து ஆட்டம் தோத்தவங்களை வச்சிக்கிட்டு நாம மேல போக முடியாதுல்ல" என்று அவர் சொன்னபோது ஊர் கை தட்டியது. ஊருக்காக ஒருவன் செய்ததைப் பற்றி மேடையில் ஒரு சொல் வரவில்லை.

மறுநாள் காலையில் சோலைராஜ் நேராக சிமெண்ட் கடைக்குப் போனான். அங்கே மூட்டைகளுக்கு நடுவில் இன்னாசி உட்கார்ந்திருந்தான், குருவையா நின்றிருந்தான், தங்கமாரி கதவில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். செயலாளர் ஊரில் இல்லை, குற்றாலம் போய்விட்டார், வர ஒரு வாரம் ஆகும் என்று கடைப் பெண் சொன்னாள்.

"நீ எதுக்கு வந்த?" என்றான் இன்னாசி.

"கேப்டன் விஷயமா" என்றான் சோலைராஜ்.

"என்னையும் கேப்டன்னுதான சொன்னாரு" என்றான் குருவையா, அழுகிற குரலில். "நீ ஒருத்தன் மனசு வச்சாப் போதும்னாரு."

நாலு பேரும் அந்த வருஷம் முழுவதும் ஒருவரை ஒருவர் திட்டியிருந்தார்கள், கை விளங்காதவன் என்றும் குருடன் என்றும் சொல்லியிருந்தார்கள், தான் ஒருவன் மட்டும் ஊருக்காகச் சுமக்கிறோம் என்று நாலு பேரும் பெருமையோடு தூங்கியிருந்தார்கள். "நீ எத்தனை விட்ட?" என்று சோலைராஜ் கேட்டான். இன்னாசி பதினொன்று என்றான். குருவையா ஒன்பது. தங்கமாரி ஏழு. சோலைராஜ் விட்டது பதினான்கு. கூட்டினால் நாற்பத்தொன்று. மீதி எதுவும் இல்லை. புஷ்பராஜ் பெயரை நாலு பேரில் ஒருவரும் எடுக்கவில்லை, ஒவ்வொருவனாக எழுந்து வெளியே போனார்கள்.

சோலைராஜ் பால்சாமியின் டீக்கடைக்குப் போய், கூட்டமாக இருக்கிற நேரம் பார்த்து, எல்லாவற்றையும் சொன்னான். மேலே நிற்பதெல்லாம் நாங்கள் வேண்டுமென்றே விட்டவை, செயலாளர் சொல்லி விட்டவை, விடாதவன் ஒருவன்தான், அவனைத்தான் துரத்தினோம் என்றான். அடிப்பார்கள் என்று நினைத்தான்.

"சரி விடுப்பா" என்றார் பால்சாமி, டீயை ஆற்றிக்கொண்டே. "யாருக்காகச் செஞ்ச? ஊருக்காகத்தான. எபிநேசர் வந்துட்டான்ல."

"அப்ப புஷ்பராஜ்?"

"அவனுக்கு ராசியில்ல. பந்து கீழ விழுந்துச்சே, எல்லாரும் பாத்தோமே."

எதிர்க் கடைக்காரர் தலையாட்டினார். அடுத்த வருஷம் விடுதியிலிருந்து யார் வருகிறான் என்று ஒருவர் கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர்கள் தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று சோலைராஜுக்குத் தோன்றியது. அன்று மாலையே திருப்பூர் பஸ்ஸில் ஏறினான்.

மறுநாள் அவன் விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது, வரிசையாக இருந்த வாடகை வீடுகளில் நாலாவது வீடு. புஷ்பராஜ் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தான், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். சோலைராஜைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டான். சோலைராஜ் சிமெண்ட் கடையில் நடந்ததை, நாலு பேரும் ஏமாந்ததை, நாற்பத்தோரு பந்துக் கணக்கை எல்லாம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தான்.

"என்னையும்தான் கூப்பிட்டாரு அண்ணாச்சி" என்றான் புஷ்பராஜ். "எல்லாருக்கும் முந்தி என்னையத்தான் கேட்டாரு. முடியாதுன்னுட்டேன்."

"அதை ஏன் மாப்ள வெளிய சொல்லல?"

"மொதப் பந்து மேல போச்சுல்ல, அன்னைக்கே உன் மணிக்கட்டைப் பாத்தேன். இருபது வருஷமாப் பாக்குற கை. நீ வேணும்னே விட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. நான் வாயத் தெறந்தா உன் பேரும் சேந்துதான வரும்."

சோலைராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தெருவில் துணி மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று போனது, அது போகும் வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"கமிட்டியில வச்சு உன் மேல பழி போட்டாகளே, அப்பயாவது சொல்லியிருக்கலாமே" என்றான் சோலைராஜ்.

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே செல்வராணி கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தாள், வாசனை வாசல் வரை வந்தது, தட்டு எடுத்து வைக்கிற சத்தம் ஒன்றே ஒன்று கேட்டது. புஷ்பராஜ் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, எந்த பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் போகலாம் என்று சொல்லி, பஸ் வரும் வரை நின்று, "பாத்துப் போ" என்றான். மணி ஒன்றரை ஆகியிருந்தது. சாப்பிட்டாயா என்று அந்த வீட்டில் யாரும் அவனைக் கேட்கவில்லை.